பச்சைப் பிள்ளை தூக்கத்தில் போடும் சத்தம்: எது சாதாரணம், எது ஆபத்து?

தாய் சேய் நலப் பாடம்



ஆஸ்பத்திரியில் இருந்து பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு லயத்துக்கு வந்த முதல் இராத்திரி, வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது. வார்டில் இருந்தபோது பத்துப் பிள்ளைகளின் சத்தத்தில் நம் பிள்ளையின் சத்தம் தனியாகத் தெரியவில்லை. இங்கே ஒரே காம்பரா. ஒன்பது, பத்து மணிக்கு மேல் லயம் முழுவதும் அடங்கிவிடும். அந்த அமைதியில் பக்கத்தில் கிடக்கிற பிள்ளை 'கொர் கொர்' என்கிறது. திடீரென்று முக்குகிறது. கொஞ்ச நேரம் நாய்க்குட்டி மாதிரி சின்னச் சின்னதாக மூச்சு வாங்குகிறது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. தாய் பதறி எழும்பி லைட்டைப் போடுகிறாள். பிள்ளை தன்பாட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பயத்தால் இரண்டு விதமான தவறு நடக்கிறது. சாதாரணமான சத்தத்துக்குப் பயந்து, மூக்கில் எண்ணெய் விடுவதும் கசாயம் கொடுப்பதும் ஒன்று. மற்றது இதைவிட மோசம். "பச்சப்புள்ளன்னா அப்படித்தான் இழுக்கும்" என்று சொல்லி, உண்மையாகவே மூச்சுக்குக் கஷ்டப்படுகிற பிள்ளையை விடியும்வரை வைத்திருப்பது. பிறந்து முதல் மாதத்தில் நியூமோனியாவோ கிருமித் தொற்றோ வந்தால் சில மணித்தியாலத்துக்குள் நிலைமை மாறிவிடும். விடிந்து பார்க்கலாம் என்பதற்கு அங்கே இடமில்லை.

ஆகவே ஒன்றை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்தை மட்டும் வைத்துப் பிள்ளை சுகமா, சுகமில்லையா என்று சொல்ல முடியாது. நிறையச் சத்தம் போடுகிற பிள்ளை நல்ல சுகமாக இருக்கும். நோய் பிடித்த பிள்ளை சில வேளை அழக்கூட மாட்டாது. காதை நம்பாமல் துணியை விலக்கி நெஞ்சையும் வயிற்றையும் பார்க்க வேண்டும், மூச்சை எண்ண வேண்டும். எப்படி எண்ணுவது என்று கீழே சொல்கிறோம்.

சத்தம் எங்கே இருந்து வருகிறது?

நமக்கு மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விடுவோம். பிறந்த பிள்ளைக்கு அது சட்டென்று வராது. முதல் சில மாதம் பெரும்பாலும் மூக்காலேயே மூச்சு விடும். அந்த மூக்குத் துவாரமோ மிகச் சின்னது. ஒரு துளி சளி, காய்ந்த பொருக்கு, கக்கிய பாலில் கொஞ்சம், இதில் எது வந்து நின்றாலும் காற்று அதை உரசிக்கொண்டு போகும். அதுதான் அந்தக் கொர கொர.

நெஞ்சில் கை வைத்துப் பார்த்தால் 'கர கர' என்று கையில் தட்டுப்படும். உடனே "நெஞ்சுல சளி கட்டிருச்சு" என்கிறோம். பெரும்பாலும் அது மூக்கிலும் தொண்டையிலும் உண்டாகிற சத்தம்தான். பிள்ளையின் நெஞ்சு மெல்லியது, அதனால் மேலே உண்டான சத்தம் கீழே வரைக்கும் தெரிகிறது. தகரக் கூரையில் ஒரு மூலையில் தண்ணீர் சொட்டினால் காம்பரா முழுக்கக் கேட்கிறதல்லவா, அந்த மாதிரி.

தும்மலும் அப்படியே. பிள்ளை ஒரு நாளைக்குப் பல தடவை தும்மினால் தடிமன் என்று அர்த்தமில்லை. தன் மூக்கைத் தானே துப்புரவு செய்துகொள்கிறது. விக்கல் வயிற்றில் இருக்கும்போதே பழகியது. அதற்குத் தண்ணீர் கொடுக்க வேண்டாம், ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்தான். நூலை நனைத்து நெற்றியில் ஒட்டுகிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதனால் பலன் இல்லை. நூல் வாய்க்குள் போகாமல் இருந்தால் கெடுதலும் இல்லை.

முக்கல்தான் பெரியவர்களை ரொம்பப் பயப்படுத்துகிறது. பிள்ளை உடம்பை முறுக்கி, முகம் கன்றி, முக்கி முனகி, கடைசியில் இளகலாக வெளிக்குப் போகும். வயிற்றை அழுத்தும்போது கீழே வழியை விட்டுக்கொடுக்க அது இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். சில வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். 'உரம் விழுந்துவிட்டது' என்று சேலையில் போட்டு உருட்டுவதும், காலைப் பிடித்துத் தூக்குவதும் வேண்டவே வேண்டாம். கழுத்து நிற்காத பிள்ளை அது. வசம்பு, கசாயம் எதுவும் உள்ளே கொடுக்க வேண்டாம்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். இடைக்கிடை முக்கினால் சாதாரணம். விடுகிற ஒவ்வொரு மூச்சுக்கும் 'ம்... ம்...' என்று முனகினால் அது வேறு. மூச்சு விடக் கஷ்டப்படுகிற பிள்ளை போடுகிற சத்தம் அது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அரைத்தூக்கமும் நின்று நின்று வரும் மூச்சும்

பிறந்த பிள்ளை ஒரு நாளில் சுமார் 16 மணித்தியாலம் தூங்கும். அதில் ஏறக்குறையப் பாதி அரைத்தூக்கம். மூடிய இமைக்குள் கண் ஓடும், கை துள்ளும், உதடு சிரிக்கும். "நரி விரட்டுது" என்று நம் அம்மாயிமார் சொல்வது இதைத்தான். இந்தத் தூக்கத்தில் மூச்சு ஒரே சீராக வராது. சத்தமும் அதிகம் வரும். முனகின உடனே தூக்கிவிட்டால் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை நாமே எழுப்பினதாகிவிடும். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள், அது திரும்பவும் தூங்கிப்போகலாம்.

இன்னொன்று. கொஞ்சம் வேகமாக மூச்சு வாங்கும், பிறகு குறையும், பிறகு ஐந்து செக்கன், சில வேளை பத்து செக்கன் மூச்சே இல்லாமல் இருக்கும், பிறகு திரும்பத் தொடங்கும். தாயின் வயிற்றில் இருந்தவரை நுரையீரலுக்கு வேலை இல்லை, தொப்புள்கொடி வழியாகவே எல்லாம் வந்தது. மூச்சை நடத்துகிற மூளைப் பகுதி இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது. பிள்ளையின் நிறம் மாறாமல், உடம்பு துவளாமல், தானாகவே மூச்சு திரும்பினால் பயமில்லை. ஆறு மாதம் ஆகும்போது இது பெரும்பாலும் இல்லாமல் போய்விடும்.

இருபது செக்கன் அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால் அது சாதாரணம் அல்ல. அதைவிடக் குறைந்த நேரமாக இருந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலோ பிள்ளை துவண்டுபோனாலோ அதுவும் சாதாரணம் அல்ல.

எடை குறைந்த பிள்ளை, மாதம் முந்திப் பிறந்த பிள்ளை இருக்கிற வீட்டார் இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். நாட்டின் மற்றப் பகுதிகளைவிடத் தோட்டங்களில் இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கிற பிள்ளைகள் அதிகம். 37 கிழமை முடியுமுன் பிறந்த பிள்ளைக்கு மூச்சு நின்றுபோகிற ஆபத்தும் கூட. குளிரையும் அது தாங்காது. உடம்பு குளிர்ந்தாலே மூச்சு தளரும். அப்படிப்பட்ட பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டி, தலைக்குத் தொப்பி போட்டு வைத்திருப்பது நல்ல வழி. தாய்க்குக் களைப்பாக இருந்தால் தகப்பனும் வைத்துக்கொள்ளலாம். ஆம்பளைக்கு இது கூச்சமான வேலை என்று நினைக்க வேண்டாம்.

மூச்சை எண்ணும் விதம்

எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை எல்லாம் இல்லாமல் வெறும் கண்ணால் என்ன கண்டுபிடிக்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. 1980களின் தொடக்கத்தில் பிராங்க் ஷான் என்கிற பிள்ளை வைத்தியர் பப்புவா நியூகினியில் கொரோகா என்னும் மலைநாட்டு ஊரில் வேலை செய்தார். அதுவும் நம்மைப் போலத் தோட்டப் பகுதிதான், அங்கே கோப்பி. சின்னப் பிள்ளைகளின் மூச்சை எண்ணியும், நெஞ்சு குழிவதைப் பார்த்தும் நியூமோனியாவைப் பிடித்துவிடலாம் என்று அங்கே காட்டினார். உலகச் சுகாதார நிறுவனம் அந்த வழியையே பிறகு எல்லா நாட்டுச் சுகாதார ஊழியர்களுக்கும் சொல்லிக்கொடுத்தது. கையில் ஒரு மணிக்கூடு இருந்தால் போதும். இப்போது போனிலும் செக்கன் ஓடுகிறது.

பிள்ளை தூங்கும்போது அல்லது அமைதியாக இருக்கும்போது எண்ணுங்கள். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் கணக்குச் சரிவராது. சட்டையை உயர்த்தி வயிற்றைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், பச்சைப் பிள்ளையின் மூச்சு நின்று நின்று வருவதால் அது பிழைத்துவிடும். ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். இரண்டு மாதம் ஆகாத பிள்ளைக்கு நிமிடத்துக்கு 30 முதல் 60க்குள் இருந்தால் சரி. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் சற்று விட்டு இன்னொரு தடவை எண்ணுங்கள். மறுபடியும் 60க்குக் குறையவில்லை என்றால் தாமதிக்க வேண்டாம், ஆஸ்பத்திரிதான்.

குடும்பநல மாது வீட்டுக்கு வந்தபோது ஒரு லயத்தில் நடந்திருக்கக்கூடிய பேச்சு இது:

"மிஸ், ராவு முழுக்க கொர கொரன்னு இழுக்குது. அப்பாயி சளின்னு சொல்லி நல்லெண்ணெய மூக்குல விடச் சொன்னாங்க."

"விட்டீங்களா தங்கச்சி?"

"இல்ல மிஸ், பயமா இருந்துச்சு."

"நல்ல வேல செஞ்சீங்க. பால் குடிக்குதா?"

"நல்லா குடிக்குது. குடிக்கையில மூக்குல சத்தம் வரும், கொஞ்சம் விட்டுட்டு மறுபடி குடிக்கும்."

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல மிஸ்."

"சரி, துணிய விலக்குங்க. அப்பாயி, நீங்களும் வாங்க. மூணு பேருமா எண்ணுவோம்."

நாற்பத்திநாலு வந்தது. அப்பாயிக்கு நாற்பத்தியாறு.

"நாப்பத்திநாலோ ஆறோ, ரெண்டும் நல்லதுதான் அப்பாயி. அறுபதத் தாண்டலியே."

மூக்கில் ஏன் எண்ணெய் விடக்கூடாது? எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கேயே தங்கிவிடும், அதனாலேயே நியூமோனியா வரும். குளிக்க வார்த்தபின் மூக்கில் வாய் வைத்து ஊதுவதும் உறிஞ்சுவதும் நம் வாய்க் கிருமியைப் பிள்ளைக்குக் கொடுக்கிற வேலை. மூக்கு அடைத்துப் பால் குடிக்க முடியாமல் தவித்தால், டிஸ்பென்சரியிலோ பார்மசியிலோ உப்புநீர் சொட்டு கேட்டு வாங்குங்கள். பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒவ்வொரு பக்கமும் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு போதும். பொருக்கு இளகித் தும்மலோடு வந்துவிடும்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

மூச்சு இழுக்கும்போது வயிறு மேலே வருவதும், விலா ஓரம் லேசாக உள்ளே போவதும் இந்த வயதில் இருக்கும். நெஞ்சின் கீழ்ப்பகுதி ஆழமாகக் குழி விழுந்தால், தூர நின்று பார்க்கிறவருக்கும் தெரிகிற மாதிரி குழிந்தால், அது ஆபத்து. மூக்குத் துவாரம் ஒவ்வொரு மூச்சுக்கும் அகலுவதும் அப்படியே.

நம் மலைக்குளிரில் பிள்ளையின் கையும் காலும் நீலமாகத் தெரியும். அதற்குப் போர்த்தினால் போதும். பார்க்க வேண்டிய இடம் நாக்கும் உதட்டின் உள்பக்கமும். அங்கே நீலமோ சாம்பல் நிறமோ தெரிந்தால் ஒரு நிமிடமும் வீணாக்கக்கூடாது. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும், டோர்ச் அடித்துப் பாருங்கள்.

பாலை விட்டுவிட்ட பிள்ளை, எழுப்பினாலும் சரியாக எழும்பாத பிள்ளை, வலிப்பு வந்த பிள்ளை, உடம்பு சுடுகிற (37.5 பாகை செல்சியஸ் அல்லது மேல்) பிள்ளை, போர்த்தியும் உடம்பு சில்லிட்டுக் கிடக்கிற பிள்ளை: மூச்சு எத்தனை வந்தாலும் சரி, இவர்களை உடனே கொண்டுபோக வேண்டும். சத்தமே இல்லாமல் 'நல்ல பிள்ளையாக' நாள் முழுக்கத் தூங்கிப் பாலும் கேட்காத பிள்ளையைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். எழுப்பிப் பால் கொடுத்துப் பாருங்கள்.

இன்னொரு சத்தம் உண்டு. மூச்சை உள்ளே இழுக்கும்போது 'கீச்' என்று கேட்கும், மல்லாக்கப் படுத்தால் கூடும், அழுதாலும் கூடும். குரல்வளை இன்னும் இறுகாமல் மெத்தென்று இருப்பதால் சில பிள்ளைகளுக்குப் பிறந்த சில கிழமையில் இது தொடங்கும். பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வயதுக்குள் போய்விடும். ஆனால் அதுதான் என்று வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டும், நாமே சொல்லிக்கொள்ளக்கூடாது. பால் குடிக்கத் திணறினாலோ எடை ஏறாவிட்டாலோ சீக்கிரம் காட்டுங்கள்.

படுக்கையும் புகையும்

பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். கக்கினால் புரையேறிவிடும் என்று பயந்து சிலர் குப்புறப் போடுகிறார்கள். உண்மையில் மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கிறது, கக்கின பால் கீழேயே திரும்பிவிடும். பிரித்தானியாவில் 1991ல் பிள்ளைகளை மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்த பிறகு, தூக்கத்திலேயே இறந்துபோகிற பிள்ளைகளின் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. தலையணை வேண்டாம். கம்பளி முகத்தில் ஏறாதபடி கைக்குக் கீழே செருகிவிடுங்கள்.

சேலைத் தொட்டில் நம் வீடுகளில் காலங்காலமாக உள்ளது. அதில் பிள்ளை வளைந்து கிடக்கும்போது நாடி நெஞ்சில் முட்டும், மூச்சுக்குழாய் மடியும். கழுத்து நிற்காத முதல் மாதங்களில் இராத்திரி முழுவதும் அதில் விட வேண்டாம். பகலில் போட்டாலும் யாராவது கண் பார்வையில் இருக்கட்டும், முகத்தை மூடித் துணி போட வேண்டாம்.

இட வசதி இல்லாத காம்பராவில் தாயும் பிள்ளையும் ஒன்றாகத்தான் படுக்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் பிள்ளை தாயின் பக்கம், சுவரில் இடுக்கு இல்லாத இடத்தில். குடித்திருக்கிறவர், சிகரெட் பீடி குடிக்கிறவர் அந்தப் பாயில் படுக்கக்கூடாது. இதை மருமகள் வாயால் சொல்ல முடியாத வீடுகள் உண்டு. மாமியார் சொல்லட்டும்.

அடுத்தது அடுப்பு. ஈர விறகுப் புகையில் பெரியவர்களுக்கே கண் எரிகிறது, பிள்ளையின் மூக்கு என்ன ஆகும்? சமைக்கிற நேரத்தில் பிள்ளை இஸ்தோப்பில் யார் மடியிலாவது இருக்கட்டும். குளிக்க வார்த்தபின் சாம்பிராணிப் புகை பிடிப்பதை விட்டுவிடுங்கள், தலையைத் துடைத்தாலே காயும். குளிருக்காக நெருப்புச் சட்டியைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவை அடைத்துப் படுப்பது மிகவும் ஆபத்து. கரி எரியும்போது வருகிற கார்பன் மொனொக்சைட் என்னும் வாயுவுக்கு மணமும் இல்லை, புகையும் தெரியாது. தாயும் பிள்ளையும் தூக்கத்திலேயே போய்விடலாம்.

இராத்திரியில் அவசரம் என்றால்

பிள்ளைக்கு மூச்சு நின்றுவிட்டது என்று கண்டால் உள்ளங்காலைத் தட்டுங்கள், முதுகைத் தேயுங்கள். குலுக்க வேண்டாம். மூச்சு வரவில்லையென்றால் சமமான இடத்தில் மல்லாக்கக் கிடத்தி, தலையை நேராக வைத்து, உங்கள் வாயால் பிள்ளையின் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, கன்னத்தில் நிற்கிற அளவு காற்றை மட்டும் ஐந்து தடவை மெதுவாக ஊதுங்கள். நெஞ்சு உயர வேண்டும். அதன் பிறகும் அசைவு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் 30 தடவை வேகமாக அழுத்தி, இரண்டு ஊதல். உதவி வரும்வரை விடாமல் இப்படியே செய்யுங்கள். படித்துப் பழக முடியாத விஷயம் இது. கிளினிக்கில் பொம்மையை வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தகப்பனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒருவர் பிள்ளையைப் பார்க்கும்போதே இன்னொருவர் 1990க்குப் போன் எடுக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்த லயம், வண்டி எதுவரை வரும் என்று சொல்லுங்கள். பாதை மோசமான இடமாக இருந்தால் ஒருவர் டோர்ச்சோடு கீழே பெரிய ரோட்டில் போய் நிற்கட்டும். சிக்னல் கிடைக்காத லயங்கள் இன்னும் உண்டு. போன் எங்கே நின்றால் எடுக்கும், தோட்டத்து வண்டிக்கு யாரைக் கேட்பது என்பதைப் பிள்ளை பிறக்குமுன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். போகும் வழியில் பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு அணைத்துக் கம்பளி போர்த்துங்கள், மூக்கும் வாயும் வெளியே தெரியட்டும். குடிக்கக்கூடிய நிலையில் இருந்தால் பால் கொடுங்கள்.

பிள்ளையின் கிளினிக் புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு எண்ணினீர்கள், எத்தனை வந்தது, கடைசியாக எப்போது பால் குடித்தது என்பதை ஒரு துண்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். வார்டில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.